கணக்கில் வராத கோரை

கொங்கு நாட்டுத் தோட்டக்காரரிடம் போய்க் கோரை என்று சொன்னால் அவர் கை தானாகக் களைக்கொத்தைத் தேடும். பிடுங்கினால் மேலே தெரியும் தழை மட்டும் கையோடு வரும்; கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். டிராக்டர் விட்டு உழுதால் கிழங்குகள் அறுந்து சிதறி, அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக எழும். லெராய் ஹோமும் அவரது குழுவினரும் 1977இல் வெளியிட்ட உலகக் களைகள் பற்றிய நூலில் முதலிடம் இந்தக் கோரைக்குத்தான். ஆனால் ஈரோட்டைத் தாண்டிக் காவிரியோடு கீழே இறங்கினால், பரமத்தி வேலூர், மோகனூர், கரூர்ப் பக்கத்தில் இதன் உறவுக்கோரை பயிராகவே நிற்கிறது. ஒருமுறை நட்டுவிட்டால் வருடக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம். காய்ந்து பாயாகிக் கல்யாண வீட்டுக்கும் போகிறது, துக்க வீட்டுக்கும் போகிறது. களை, பயிர் இரண்டுமே சைப்பரஸ் என்னும் ஒரே பேரினம். மண்ணுக்கடியில் உறுப்பை ஒளித்துவைத்து, வெட்ட வெட்டத் துளிர்ப்பது இரண்டுக்கும் பொதுக் குணம். ஓரிடத்தில் அந்தக் குணத்தைச் சபிக்கிறோம், இன்னோரிடத்தில் அதைக் காசாக்குகிறோம்.

அதே குணம் கடற்கரை மணல் மேட்டில் வேறொரு வேலையைச் செய்கிறது. அங்கே அதைச் சபிப்பாரும் இல்லை, காசாக்குவாரும் இல்லை. சைப்பரஸ் அரினேரியஸ் என்பது அந்தச் செடியின் அறிவியல் பெயர். இந்தக் கட்டுரையில் அதை மணற்கோரை என்றே எழுதுகிறேன். அரேபியக் கரையிலிருந்து பாகிஸ்தான், இந்தியா, இலங்கை வரை கடலோர மணலில் பல்லாண்டு வாழும் செடி. சாண் உயரம், மிஞ்சினால் முழ உயரம். இலை ஒடுங்கி விறைப்பாக இருக்கும். தண்டின் உச்சியில் சிறு கதிர்கள் ஒரே கொத்தாக நெருங்கி நிற்கும்; கொத்தின் கீழே இலைபோன்ற செதில்கள் இரண்டு மூன்று. பூவென்று சொல்ல வண்ணமும் இல்லை, மணமும் இல்லை. பக்கத்தில் ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும் அடும்பைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். சங்க நெய்தல் பாடல்களில் இடம்பெற்ற செடியும் அடும்புதான். முள்ளுருண்டையாகக் காற்றில் உருண்டோடும் இராவணன் மீசையையாவது குழந்தைகள் துரத்திப் பிடிப்பார்கள். மணற்கோரையை மிதித்துக்கொண்டு போவோம்.

மிதிக்காமல் குனிந்து பார்த்தால் ஒன்று தெரியும். தண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருக்காது. கயிறு பிடித்து நாற்று நட்டதுபோல் ஒரே வரிசையில் நிற்கும். மணலைக் கையால் விலக்கினால் காரணம் கிடைக்கும். விரல் ஆழத்திலோ சாண் ஆழத்திலோ செதில் போர்த்திய ஒரு தண்டு மட்டமாக ஓடுகிறது. தாவரவியல் பாடநூலில் மட்டத்தண்டு என்பார்கள். அதன் கணுக்களிலிருந்து கீழே வேரும் மேலே தண்டும். இழுத்துப் பார்த்தால் நீண்டுகொண்டே வரும். முடிவதற்கு முன் அறுந்துவிடும். நுனி ஊசிபோல் கூர்மையாக இருப்பதால் மணலைத் துளைத்துக்கொண்டு போக அதற்குச் சிரமமில்லை. வரிசையாக நிற்கும் தண்டுகள் தனித்தனிச் செடிகள் அல்ல. ஒரே உயிரின் பல தலைகள்.

இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் கிடைத்ததில் சோழநாட்டுக் கரைக்குப் பங்குண்டு. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காடு நவாப்பிடமும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்தார். நோயாளிகளைவிடச் செடிகளோடுதான் அவர் அதிக நேரம் கழித்திருப்பார் என்று தோன்றுகிறது. கிடைத்ததையெல்லாம் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அப்படிப் போன மாதிரிகளைக் கொண்டே ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்டர்ஸ் யாஹான் ரெட்சியஸ் ஏராளமான இந்தியச் செடிகளை விவரித்தார். மணற்கோரைக்கு அவர் பெயரிட்ட பகுதி வெளியானது 1786இல். காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் கோனிக் இறந்தது அதற்கு முந்தைய ஆண்டு.

அதன் பிறகு கதை கோவைக்கு வருகிறது. கடலே இல்லாத ஊரில் கடற்கரைச் செடிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் லாலி ரோடு அதிக தூரமில்லை. அங்கே வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, 1955இல் தொடங்கியது. அதன் பொறுப்பில் இருப்பது மெட்ராஸ் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரத் தொகுப்பு. 1853இல் ஹியூ கிளெக்கார்ன் சென்னையில் தொடங்கிய சேகரிப்பு, வேளாண் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு இடம்பெயர்ந்த காலத்தையொட்டி இங்கே வந்து சேர்ந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். கன்னியாகுமரி மணலும் கஞ்சம் கரையும் கோவையின் இரும்பு அலமாரிகளுக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1915இல் தொடங்கிய கேம்பிள் 1925இல் இறந்துபோக, மீதியை முடித்தவர் சி. இ. சி. ஃபிஷர். ஆனைமலைத் தாவரங்களைப் பற்றி 1921இல் எழுதிய அதே வன அதிகாரி, கோவை வனக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். கோரைக் குடும்பம் அடங்கிய பகுதி 1931இல் அவர் கையால் வந்தது. தென்னிந்தியக் கோரைகளை இனம் பிரிக்க இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

உலர்தாவரத் தாள் என்பது ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம். அதன்மேல் செடியை நூலால் தைத்து அல்லது ஒட்டி, கீழ் வலது மூலையில் சேகரித்தவர் பெயர், இடம், நாள் எழுதிய சீட்டை ஒட்டுவார்கள். மணற்கோரை போன்ற செடியை அந்தத் தாளுக்குள் அடக்க ஒரே வழிதான் உண்டு: மட்டத்தண்டை ஒடிக்க வேண்டும். இரண்டு மூன்று தண்டும், அடியில் ஒரு விரற்கடைத் துண்டும் தாளில் தங்கும். மற்றதெல்லாம் மணலிலேயே போய்விடும். இனம் பிரிக்க அது போதும், ஏனென்றால் வகைப்பாட்டியலுக்கு வேண்டியது கதிரும் காயும். செடி செய்யும் வேலை என்ன என்று கேட்டால் தாளில் பதில் இல்லை. பதில் ஒடித்துப்போட்ட பகுதியில் இருந்தது. இது ஹெர்பேரியத்தின் குற்றமல்ல. அது வேறு கேள்விக்காகப் படைக்கப்பட்டது. ஆனால் கடற்கரைத் தாவரங்களை நாம் அளக்கும் முறைகள் எல்லாவற்றிலும் இதே கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. மேலே தெரிவதை எண்ணுகிறோம், கீழே பிடிப்பதை விட்டுவிடுகிறோம்.

மணல் எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். சகாராவில் கார் ஓட்டித் திரிந்த ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட் 1941இல் எழுதிய நூல் இத்துறைக்கு அடிப்படை. காற்றில் மணல் புழுதியைப்போல் வானத்துக்குப் பறப்பதில்லை. ஒரு மணி எழும்பி, கொஞ்ச தூரம் போய் விழுந்து, விழுந்த இடத்தில் இன்னும் சில மணிகளைத் தட்டி எழுப்புகிறது. இந்தத் துள்ளல் பெரும்பாலும் கணுக்கால் உயரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். காற்றின் இழுவேகம் இரட்டித்தால் நகரும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பது பேக்னால்டின் கணக்கு. ஆகவே மணலை நிறுத்த வேண்டிய உயரம் கணுக்கால் உயரம். சாண் உயரக் கோரை நிற்பது சரியாக அங்கேதான். தண்டுகளுக்கு இடையில் காற்று தளர்கிறது, மணல் விழுகிறது, செடியைச் சுற்றிச் சிறு மேடு கட்டுகிறது.

மேடு கட்டினால் செடி புதைய வேண்டுமே? பல செடிகளுக்கு அது சாவு. மணற்கோரைக்கு அது அழைப்பு. புதையப் புதையப் புதுத் தண்டு மேல்நோக்கி எழுகிறது. புதிய மட்டத்தில் புதிய மட்டத்தண்டு ஓடுகிறது. பழையது கீழே வலைபோல் நின்றுவிடுகிறது. செடி வளர்வதும் மேடு வளர்வதும் ஒரே செயலின் இரு பக்கம். புயல் வந்து மேட்டின் முகத்தை அரிந்தால் உள்ளேயிருந்து உறங்குமொட்டுகள் விழித்துக்கொள்ளும். தோட்டக்காரரைப் படுத்துகிற அதே பிடிவாதம்.

ஐரோப்பியக் கரையில் இந்த வேலையைச் செய்வது கேரெக்ஸ் அரினேரியா என்ற வேறொரு கோரை. நம் கோரைக்கும் அதற்கும் குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. நம்முடையது சோளம், கரும்பு போலச் சி4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்து வெயிலைத் தாங்குகிறது. அது குளிர்நாட்டுச் செடி. ஆனாலும் மண்ணடி வாழ்க்கை இரண்டுக்கும் ஒன்றேதான். தாவரவியலாளர் ஜான் ஹார்ப்பரும் அவருடைய கூட்டாளிகளும் வேல்ஸ் நாட்டு மணல் மேடுகளில் அந்த ஐரோப்பியக் கோரையின் தண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி 1979இல் எழுதிய கட்டுரை, செடிகளையும் மக்கள்தொகைபோல் கணக்கெடுக்கலாம் என்று காட்டியது. பார்வைக்கு அசையாமல் நிற்கும் கோரைத் திட்டில் பிறப்பும் இறப்பும் இடைவிடாமல் நடக்கின்றன. உரம் போட்டால் பிறப்பும் கூடுகிறது, இறப்பும் கூடுகிறது, திட்டு இளமையாகிறது. அதே கோரையைப் பற்றி 1999இல் வந்த ஓர் ஆய்வு, நீரும் உணவும் ஒரு தண்டிலிருந்து பல தண்டுகளைத் தாண்டி மட்டத்தண்டு வழியே போகின்றன என்று காட்டியது. வறண்ட மேட்டு உச்சியில் நிற்கும் தலைக்கு ஈரப்பள்ளத்தில் இருக்கும் தலை தண்ணீர் அனுப்ப முடியும். தனிச்செடியால் முடியாத இடத்திலும் கோரை பிழைப்பதற்கு இது ஒரு காரணம்.

இதையெல்லாம் தமிழகக் கரை சிந்தித்துப் பார்த்திருக்க வேண்டிய நாள், சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மாதங்களில் எழுந்த கேள்வி: எது காப்பாற்றியது? மரங்கள் என்ற பதில் வேகமாகப் பரவியது. கடலூர்க் கரையை ஆராய்ந்த டேனியல்சன் குழுவின் கட்டுரை 2005இல் சயின்ஸ் இதழில் வந்தது. அலையாத்தியும் சவுக்கும் நின்ற இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்றது. அதே ஆண்டு பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குக்கிராமங்களை வைத்துக் கதிரேசனும் ராஜேந்திரனும் எழுதியதும் ஏறத்தாழ அதே முடிவுதான். ஆனால் 2006இல் கெர், பேர்ட், கேம்பல் ஆகிய மூவர் அந்தப் பரங்கிப்பேட்டைத் தரவுகளையே திரும்பக் கணக்குப் போட்டார்கள். ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கடலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதிலேயே வித்தியாசத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது என்றார்கள். ஆர். எஸ். பல்லா 2007இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதிய குறிப்பும் தரையின் உயரத்தையே முன்னிறுத்தியது. கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் அன்டோனியோ மஸ்கரேனஸும் ஜெயக்குமாரும் தமிழகக் கரையைச் சுற்றி வந்து 2008இல் எழுதியபோது, மணல் மேடு அப்படியே நின்ற இடங்கள் தப்பியதையும், மேடுகளை உடைத்தும் சமன்செய்தும் கட்டிய இடங்கள் அடிவாங்கியதையும் பதிந்தார்கள்.

இந்தச் சர்ச்சை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உயரம்தான் காத்தது என்றால் அந்த உயரத்தைக் கட்டியது யார் என்ற கேள்வி அடுத்ததாக வந்திருக்க வேண்டும். கரையின் உயரமான தரை என்பது பெரும்பாலும் பழைய மணல் மேடு. மணல் மேடு என்பது அடும்பும் இராவணன் மீசையும் மணற்கோரையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த இருப்பு. அந்தக் கேள்வி அரசு அலுவலகங்களுக்குள் நுழையவில்லை. நுழைந்தது சவுக்கு.

சவுக்கு இந்த மண்ணுக்கு அந்நியமாக வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகச் சோழமண்டலக் கரை நெடுகப் பரவிய மரம். சுனாமிக்குப் பின் உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த மறுகட்டமைப்புத் திட்டத்தில் கடலோரத் தடுப்புக் காடு என்ற பெயரில் மீண்டும் பெருமளவில் நடப்பட்டது. காரணங்கள் இல்லாமல் இல்லை. உப்புக்காற்றைத் தாங்குகிறது, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறது, சில ஆண்டுகளில் கழியாகக் காசு தருகிறது, கணக்கெடுப்பது சுலபம். ஹெக்டேருக்கு இத்தனை கன்று, பிழைத்தது இத்தனை சதவீதம் என்று அறிக்கை எழுதலாம். வயலுக்கும் வீட்டுக்கும் காற்றுத் தடுப்பாகச் சவுக்கை நான் குறைசொல்லமாட்டேன். கடலூர், விழுப்புரம் பக்கத்து விவசாயிக்கு அது வங்கிக் கணக்கு.

மணல் மேட்டில் மட்டும் அது இடம் தவறிய மரம். சவுக்குத் தோப்புக்குள் போய்ப் பாருங்கள். கணுக்கால் உயரத்தில் மொட்டை அடிமரம்தான் இருக்கும். தரையில் உதிர்ந்த ஊசிக்கிளைகள் மெத்தையாகக் கிடக்கும், மேலே நிழல். கோரைக்கும் அடும்புக்கும் வெயில் இல்லாமல் வாழத் தெரியாது. அவை ஒதுங்கிப் போகின்றன. தோப்பு மணலை ஓரளவு நிறுத்திவைக்கலாம், புதிதாகக் கட்டாது. பிறகு வெட்டு வருடம் வரும். மரத்தைச் சாய்த்து வேர்க்கட்டையையும் தோண்டினால் மிஞ்சுவது மூடாத வெறும் மணல். பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரையில் தோப்பு நெருங்கி நின்றால் அவற்றுக்கும் இடம் குறையும். 2010இல் ஃபீகின், நிபேதிதா முகர்ஜி, கார்த்திக் சங்கர் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை மரம் நட்டுக் கரையைக் காக்கும் இத்தகைய ‘உயிர்க்கேடய’த் திட்டங்களின் தவறான பயன்பாட்டைக் கடுமையாக விமர்சித்தது. அலையைத் தடுக்கும் என்ற வாக்குறுதியே உறுதியற்றது. அதற்காக இயற்கையான மணற்கரையை இழப்பது நட்டம் என்பது அதன் சாரம்.

பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையின் வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்று ஓர் ஊர். நகரும் மணல் மேடுகள். பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். பக்கத்திலேயே நட்டு வளர்த்த சவுக்குக் காடு. அங்கே மணல் அள்ளும் லாரிகளுக்கும் மேடுகளுக்கும் ஓயாத வழக்கு. கோயிலைப் புதைத்த மணலைப் பார்த்தவர்களுக்கு மரம் நட வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ஊரை மூடும் மணலும் ஊரைக் காக்கும் மணலும் ஒரே மணல்தான். நடுவில் இருக்கும் வித்தியாசம் அதன்மேல் தழை இருக்கிறதா இல்லையா என்பது.

கோரை என்றால் எங்கிருந்தாவது கொண்டுவந்து நட்டால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. ஜப்பான், கொரியக் கரைகளின் கேரெக்ஸ் கோபோமுகி அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1929இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மணலை நன்றாகப் பிடிக்கிறதே என்று பிற்பாடு அதை வேண்டுமென்றே நட்டார்கள். இப்போது அது உள்ளூர் மணற்புல்லைத் துரத்திவிட்டுக் கரையைத் தனதாக்கிக்கொள்வதால் மருந்தடித்து அழிக்கிறார்கள். கிழக்காசியாவில் கரைகாக்கும் செடி, அட்லாண்டிக் கரையில் களை. அடும்பும் இராவணன் மீசையும் மணற்கோரையும் தானே வளரும் நம் கரைக்கு இறக்குமதி எதுவும் தேவையில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் மோசமில்லை. மணல் மேட்டைச் சீர்செய்வதும் மாற்றுவதும் 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே தடை செய்யப்பட்டது. 2011, 2019 அறிவிக்கைகள் மணல் மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் சேர்த்தன. ஆனால் வரைபடத்தில் மணல் மேடு என்பது உயரக் கோடு மட்டும். மேலே என்ன வளர்கிறது, வளர்வது கூடுகிறதா குறைகிறதா என்ற பத்தி அதில் இல்லை. 1990 முதல் 2016 வரையான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசியக் கடலோர ஆய்வு மையம் செய்த மதிப்பீட்டில் தமிழகக் கரையில் 41 சதவீதம் அரிப்புக்குள்ளாகிறது. கற்சுவர் கட்ட ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும் என்பது அரசுத் துறைகளுக்குத் தெரியும். ஒரு சதுர மீட்டரில் எத்தனை கோரைத் தண்டு இருந்தால் மேடு நிற்கும் என்ற கணக்கு எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. ஹார்ப்பர் செய்ததுபோல் தண்டுகளைச் சதுரம் சதுரமாக எண்ணுவதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். நாலு குச்சி, ஒரு கயிறு, வருடத்துக்கு இருமுறை அதே இடத்துக்குப் போகும் பொறுமை போதும். கடலோரக் கல்லூரி மாணவர்களே செய்யலாம்.

அதைத் தொடங்கி வைக்கத் தோதான ஊர் கோவை என்பேன். லாலி ரோட்டில், எந்தக் கரையில் எந்த ஆண்டு மணற்கோரை இருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கும் தாள்கள் உள்ளன. இன்றைய கரையோடு ஒப்பிட்டால் எங்கே காணாமல் போயிற்று என்று தெரியும். கொஞ்ச தூரத்தில், ஆர். எஸ். புரம் கவுலி பிரவுன் சாலை வன வளாகத்தில், 1988இல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் இருக்கிறது. சவுக்கில் புது ரகங்களை உருவாக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது அதன் பெரிய சாதனை. அங்கேயுள்ள உலர்தாவரத் தொகுப்புக்கு ஃபிஷரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். துண்டு வெட்டி வேர்பிடிக்க வைப்பதில் அந்த நாற்றங்கால்களுக்கு இருக்கும் கைத்திறன், மட்டத்தண்டைக் கணுவோடு நறுக்கி வளர்ப்பதற்குத் தாராளமாகப் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நட்டு, கால்நடையும் டிராக்டரும் ஏறாமல் ஓலை வேலி கட்டிவிட்டால், பாக்கியைக் காற்றும் கோரையும் பார்த்துக்கொள்ளும். சவுக்கு நாற்றுக்கு டெண்டர் விடும் துறை, ஒரு முறையாவது கோரைத் துண்டுக்கும் டெண்டர் விட்டுப் பார்க்கலாம். கரூர்ப் பக்கத்து விவசாயி அதைக் கேட்டால் சிரிப்பார். களைக்கொத்தோடு நிற்கும் பொள்ளாச்சிக்காரர் சண்டைக்கே வருவார்.